கொழுக்கட்டைப் புல் விதைத்து மேய்ச்சல் காடு உருவாக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காங்கேயம், தாராபுரம், வெள்ளக்கோவில், மூலனூர் பக்கம் மேட்டுநிலம் வாங்கி, அதில் நான்கு மாடோ இருபது ஆடோ மேய்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த எண்ணத்துடன்தான் வந்தேன். நான்கு ஏக்கரில் கொழுக்கட்டைப் புல் விதைத்தேன். முதல் ஆண்டில் முளைத்த தூர்களை விரல்விட்டு எண்ண முடிந்தது, இரண்டாம் ஆண்டில் நன்றாக முளைத்ததை அவசரப்பட்டு ஆட்டை விட்டுக் கெடுத்தேன், மூன்றாம் ஆண்டில்தான் நிலம் பச்சை பிடித்தது. இங்கே தலைமுறையாகக் கொறங்காடு, அதாவது வேலியிட்ட சொந்த மேய்ச்சல் நிலம், வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. அவர்களிடம் கேட்காமல் இறங்கியது என் தவறு; கேட்டாலும் அவர்களுக்குப் பழகிப்போன விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குத் தோன்றுவதில்லை என்பதையும் பிறகு கண்டுகொண்டேன்.

1. முதலில் புல்லைச் சரியாக அடையாளம் காணுங்கள்

தாவரவியலில் சென்க்ரஸ் சிலியாரிஸ் எனப்படும் இந்தப் புல் பல ஆண்டு வாழ்வது. தூர் தூராக நிற்கும். தூரின் அடிப்பகுதி முடிச்சு முடிச்சாகத் தடித்திருக்கும். கோடையில் மேலே உள்ளதெல்லாம் காய்ந்து சருகானாலும், ஒரு நல்ல மழைக்கு அந்த முடிச்சிலிருந்துதான் மீண்டும் துளிர்க்கிறது. வேர் ஆழமாக இறங்குவதால் மழை குறைந்த ஆண்டையும் தாங்கும். பூங்கதிர் விரல் நீளத்தில், அணில்வால் போல, இளமையில் சற்று ஊதா படர்ந்து, முற்றியதும் வைக்கோல் நிறத்துக்கு மாறும்.

கதிரைக் கையில் உருவிப் பாருங்கள். கொழுக்கட்டைப் புல்லின் கதிரில் உள்ள மயிர்கள் மென்மையானவை. உள்ளங்கையில் உறுத்தாது, துணியில் ஒட்டும், ஊதினால் பறக்கும். இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு புல்லில் அந்த மயிர்கள் கடினமான முள்ளாக இருக்கும். காலில் குத்தும், ஆட்டின் ரோமத்தில் சிக்கிக்கொள்ளும். இளம்பருவத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றுவதால், கதிர் வராத புல்லைக் காட்டி யாரேனும் இதுதான் அது என்று சொன்னால் நம்ப வேண்டாம். நீலம் கலந்த பச்சை இலையுடன் இருப்பது நீலக் கொழுக்கட்டை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் கோ 1 இந்த வகையைச் சேர்ந்தது. வடநாட்டில் கொழுக்கட்டைப் புல்லை அஞ்சன் புல் என்பார்கள். ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட புந்தேல் அஞ்சன் போன்ற ரகங்களின் பெயர் விதைப்பையில் இருந்தால் குழம்ப வேண்டாம்; இதே புல்தான்.

2. நிலத்தின் காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

புல் விதைப்பதற்குக் காகிதம் எதற்கு என்று நானும் கேட்டேன். மூன்று இடங்களில் அது தேவைப்பட்டது.

முதலாவது, எல்லை. மேய்ச்சல் நிலத்தை ஒட்டிப் பல ஊர்களில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர்ப் பொது மேய்ச்சலுக்கான அரசு நிலம், இருக்கும். வேலி அதற்குள் நான்கு அடி போய்விட்டால், வேலிக்குச் செலவழித்த பணத்தோடு ஊரின் நல்லெண்ணமும் போகும். பட்டா, சிட்டா, புல வரைபடம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, வேலி போடுவதற்கு முன்பே சர்வேயரை அழைத்து அளந்து கல் நட்டுவிடுங்கள். அளவைக்கு மனு கொடுத்தாலும் ஆள் வர வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும் என்பதால், இந்த வேலையைத் தை மாதத்திலேயே தொடங்குவது நல்லது.

இரண்டாவது, அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு. வாங்கிய நிலம் சில ஆண்டுகள் சும்மா கிடந்திருந்தால் அடங்கலில் தரிசு என்று பதிவாகியிருக்கும். நீங்கள் புல் விதைத்த பிறகும் அது அப்படியே நீடித்தால், பிற்பாடு தீவனப் பயிருக்கான மானியம் எதையேனும் கேட்கும்போது கோப்பு அங்கேயே நின்றுவிடும், என்னுடையது நின்றது. வருவாய்த் துறையின் கணக்காண்டான பசலி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடிகிறது. விதைத்த பசலிக்குள்ளேயே கிராம நிர்வாக அலுவலரை நிலத்துக்கு அழைத்துக் காட்டி, தீவனப் புல் என்று பதியச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சிறு குறு விவசாயி சான்று. 2.5 ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி, 5 ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி. இந்தச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் வைத்துக்கொண்டு, உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்திலும் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் அந்த ஆண்டு என்ன திட்டம் நடப்பில் உள்ளது என்று நேரில் கேளுங்கள். திட்டங்கள் ஆண்டுதோறும் மாறும். அண்டை வீட்டுக்காரருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு விடாதீர்கள்.

குத்தகை நிலமாக இருந்தால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்துதான் ஆக வேண்டும். வாய்ப்பேச்சில் ஓராண்டுக்கு எடுத்த நிலத்தில் பல ஆண்டுப் புல் போடாதீர்கள். முதல் ஆண்டுச் செலவு முழுவதும் உங்களுடையது, இரண்டாம் ஆண்டு மேய்ச்சல் நிலக்காரருடையது என்றாகிவிடும்.

3. மண்ணைப் பாருங்கள்

சுண்ணாம்பு கலந்த, நீர் வடியும் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் இதற்கு உகந்தவை. சற்றுக் காரத்தன்மையைத் தாங்கும். தாங்காதது நீர்த்தேக்கம். என் நிலத்தின் கிழக்கு மூலையில் மழைக்குப் பின் மூன்று நான்கு நாட்கள் தண்ணீர் நிற்கும் அரை ஏக்கர் பள்ளம் ஒன்று உண்டு. அங்கே இரண்டு முறை விதைத்து இரண்டு முறையும் அழுகிய பிறகு, அதை வேறு புல்லுக்கு விட்டுவிட்டேன். நிலத்தை வாங்கியவுடன் விதைக்காமல், ஒரு பெருமழைக்கு மறுநாள் காலையில் அதைச் சுற்றி நடந்து, தண்ணீர் நிற்கும் இடங்களுக்குக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

மண் பரிசோதனைக்கு மேலே கிடக்கும் குப்பையை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்து வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டிலிருந்து சீவிய மண்ணைப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர் பாகங்களை நீக்கிக்கொண்டே வந்து அரை கிலோ அளவுக்குக் கொண்டுவாருங்கள். மரத்தடி, வரப்போரம், எருக்குவித்த இடம் ஆகியவற்றில் எடுக்கக் கூடாது. முடிவு அட்டையில் மணிச்சத்து என்ற வரியை முதலில் பாருங்கள். இளம் நாற்று வேர் பிடிப்பதற்கு அதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

4. விதையா, கரணையா?

பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இதுதான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் புல்லின் விதை என்று நம் கைக்கு வருவது உண்மையில் மயிர் சூழ்ந்த ஒரு சிறு முடிச்சு. அதற்குள் மணி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எடை பார்த்து வாங்கும் விதையில் பாதிக்கு மேல் வெறும் சருகாக இருப்பது சாதாரணம். நான் முதல் முறை வாங்கிய 12 கிலோவும் பார்ப்பதற்குப் பஞ்சு மூட்டைபோல் நன்றாகத்தான் இருந்தது. வாங்குவதற்கு முன் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து, மற்றொரு கையால் அழுத்தித் தேய்த்து ஊதுங்கள். மயிரெல்லாம் பறந்த பிறகு, மணல்பருக்கை அளவில் முட்டை வடிவப் பழுப்பு மணிகள் கையில் தங்க வேண்டும். எதுவும் தங்கவில்லை என்றால் அந்த மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மணி இருந்தாலும் போதாது. புதிதாகப் பறித்த விதைக்கு உறக்கக் காலம் உண்டு. அறுத்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆன விதைதான் ஒழுங்காக முளைக்கும். மற்றப் பயிர்களுக்குப் புதுவிதை தேடிப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். பையில் உள்ள உண்மைநிலை அட்டையில் முளைப்புத்திறனையும், போட்டிருந்தால் அறுவடை நாளையும் பாருங்கள். அட்டை இல்லாத விதையானால் எப்போது பறித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதுவாயினும், வாங்கிய விதையில் நூறு முடிச்சுகளை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி நிழலில் வைத்து, இரண்டு வாரம் கழித்து எத்தனை முளைத்தன என்று எண்ணுங்கள். பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி எக்டருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்கு சுமார் 2.5 முதல் 3 கிலோ விதை போதும். ஆனால் சாக்கில் நூற்றுக்கு இருபதுதான் முளைத்தது என்றால் அந்தக் கணக்கு செல்லாது. அளவைக் கூட்டுங்கள் அல்லது விதையை மாற்றுங்கள்.

கரணை நடுவதானால் இந்த ஐயமெல்லாம் இல்லை. வளர்ந்த தூரைத் தோண்டிப் பிரித்து, வேரோடு கூடிய இரண்டு மூன்று கிளைப்புகளை ஒரு கரணையாக, இலையை ஒரு சாணுக்கு வெட்டிவிட்டு நடலாம். வரிசைக்கு வரிசை 50 செ.மீ., கரணைக்குக் கரணை 30 செ.மீ. இடைவெளி என்றால் ஏக்கருக்கு சுமார் 27,000 கரணை வேண்டும். இத்தனை கரணையைத் தோண்டவும் நடவும் ஆள் கிடைப்பது எளிதல்ல. என் பரிந்துரை இதுதான்: முதல் ஆண்டில் பத்து சென்ட் இடத்தில் மட்டும் கரணை நட்டு அதை நாற்றங்காலாக வைத்துக்கொள்ளுங்கள்; மீதியை விதைத்து, இடைவெளி விழுந்த இடங்களை அடுத்த ஆண்டு அந்தப் பத்து சென்டிலிருந்து தோண்டி நிரப்புங்கள்.

5. காலத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்

கொங்குப் பகுதியின் இந்த வறண்ட பாகத்தில் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில்தான். ஆடி மழையை நம்பி விதைத்தால், முளை வெளிவந்த பிறகு பதினைந்து நாள் காற்றடித்து எல்லாம் கருகும். ஆகவே விதைப்பைப் புரட்டாசிப் பிற்பகுதியில், முதல் கனமழையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கரணை நடவு மண் நன்றாக நனைந்த பிறகு, ஐப்பசியில். அதற்குத் தோதாக மற்ற வேலைகளைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்: அளவை தை மாசியில், வேலிக்குக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நடுவது சித்திரை வைகாசியில், மண் பரிசோதனை ஆனியில், விதை வாங்கி முளைப்புப் பார்ப்பது ஆவணியில்.

கிளுவை உயிர்வேலி பற்றி ஒரு சொல். இடுப்பளவுப் போத்துகளை நெருக்கமாக நட்டால் அவை துளிர்த்து முள்வேலியாக அடைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை வெட்டிய முள்ளோ கம்பியோ வேண்டும். வேலியில்லாமல் விதைக்கவே விதைக்காதீர்கள்.

6. உழவு, உரம், விதைப்பு

இரண்டு மூன்று உழவு ஓட்டிக் கட்டியில்லாமல் மண்ணை உடைத்து, ஏக்கருக்கு 2 டன் மக்கிய தொழுவுரம் இடுங்கள். மக்காத எருவில் களைவிதைதான் உங்கள் புல்லைவிட வேகமாக முளைக்கும். எக்டருக்கு 25 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல்சத்து என்பது அடியுரப் பரிந்துரை. ஏக்கருக்கு அதை மாற்றினால் டிஏபி 35 கிலோ, யூரியா 8 கிலோ, பொட்டாஷ் 13 கிலோ வரும். யூரியாவை 45 கிலோ மூட்டையாகத்தான் கொடுப்பார்கள். மீதியில் 22 கிலோ மேலுரமாக இடத் தேவைப்படும். உரக்கடைக்கு ஆதாரை எடுத்துச் செல்லுங்கள். மானிய உரத்துக்கு அதைக் கேட்பார்கள்.

விதையை வெறுமனே தூவினால் காற்று அள்ளிக்கொண்டு போகும். அது மயிருடன் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், கையிலிருந்து சீராக விழவும் செய்யாது. ஒரு பங்கு விதைக்கு மூன்று நான்கு பங்கு ஈரமணலும் கொஞ்சம் சலித்த சாணத்தூளும் சேர்த்துப் பிசறி, புட்டு மாவுப் பதத்தில் உதிர உதிர இருக்கும்போது விதைத்துவிடுங்கள். கோடுகளை 50 செ.மீ. இடைவெளியில் விரல் நகம் மூழ்கும் ஆழத்துக்கு மட்டும் கீறி, அதில் இட்டு, முள்படலை ஒன்றை மேலே லேசாக இழுத்தால் மூடிக்கொள்ளும். ஒரு செ.மீ.-க்கு மேல் ஆழம் போனால் முளை வெளியே வராது. டிராக்டரில் கலப்பையை மாட்டி விதையை மூடச் சொன்னவர் ஒருவர் உண்டு. முதல் ஆண்டு நான் விரல்விட்டு எண்ணியதற்கு அதுவும் ஒரு காரணம். விதைத்த மறுநாள் எறும்புகள் வரிசையாக விதையைத் தூக்கிச் செல்வதைக் கண்டால் திகைக்க வேண்டாம். மண்ணில் பிசறிய விதையை அவை அதிகம் தொடுவதில்லை என்பது என் அனுபவம்.

மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியைச் சேர்த்தால் தீவனத்தில் புரதம் கூடும், மண்ணுக்கும் தழைச்சத்து கிடைக்கும். முயல் மசால் விதையின் தோல் கடினமானது. கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த, 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதையுங்கள்.

7. முதல் ஆண்டில் காவல்

முளைத்த முதல் ஆறு வாரம் நாற்று மெலிந்து, களைக்கு நடுவில் இருப்பதே தெரியாமல் இருக்கும். தோற்றுவிட்டது என்று உழுதுவிடாதீர்கள். மூன்றாம் வாரத்தில் ஒன்றும் ஆறாம் வாரத்தில் ஒன்றுமாக இரண்டு களையெடுப்பு கட்டாயம். கோடுபோட்டு விதைத்ததன் பலன் இப்போதுதான் தெரியும்: வரிசையில் இருப்பது புல், வெளியே இருப்பது களை.

70, 75 நாட்களில் முதல் அறுப்பு எடுக்கலாம். அறுப்பது வேறு, மேய்ப்பது வேறு. அரிவாள் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுக்கும். ஆடு வேரோடு இழுக்கும். மேய்ப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நிலத்தில் பத்து இடங்களில் புல்லைக் கைப்பிடியாகப் பிடித்து, மாடு இழுப்பதுபோல் சட்டென்று இழுங்கள். இலை அறுந்து கையோடு வந்தால் வேர் பிடித்துவிட்டது. ஓரிடத்தில் தூர் பெயர்ந்து வந்தாலும் இன்னும் காத்திருங்கள். இரண்டாம் ஆண்டில் நான் இந்தச் சோதனையைச் செய்யாமல், புல் முழங்காலுக்கு வளர்ந்த மகிழ்ச்சியில் 18 வெள்ளாடுகளை உள்ளே விட்டேன். ஒரு வாரத்தில் பெயர்ந்த தூர்கள் வேர் மேலே தெரிய வெயிலில் கிடந்தன. முதல் ஆண்டுப் புல்லை அறுத்து மட்டும் போட்டு, ஒருமுறை கதிர் முற்றி விதை உதிர விட்ட பிறகு மேய்ப்பதுதான் பாதுகாப்பு.

8. அறுப்பும் மேய்ப்பும்

பூங்கதிர் வெளிவரத் தொடங்கும் பருவமே அறுக்க ஏற்றது. அதற்குப் பிறகு தண்டு இறுகி, புரதம் வேகமாகக் குறையும். ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு அறுப்பில் எக்டருக்கு 40 டன் பசுந்தீவனம் என்று பரிந்துரை நூல்கள் சொல்கின்றன. ஏக்கருக்கு 16 டன் ஆகிறது. மானாவாரியில், மழை குறைந்த ஆண்டில், அதில் பாதியை வைத்துத் திட்டமிடுங்கள். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோ பசும்புல் என்றால் ஆண்டுக்கு 9 டன்னுக்கு மேல் வரும். ஏக்கருக்கு ஒரு மாடு என்பதைத் தாண்டி ஆசைப்பட வேண்டாம்.

நிலத்தை நான்கு கூறாகப் பிரித்து முறைவைத்து மேயுங்கள். மேய்ந்த கூறுக்கு மழைக்காலத்தில் குறைந்தது நான்கு வாரம் ஓய்வு தேவை. காய்ந்த காலத்தில் அடுத்த மழை வரும்வரை ஓய்வு. உயரம் ஒரு சாணுக்குக் கீழே போனதும் வெளியே ஓட்டிவிட வேண்டும். இடையிடையே வெள்வேல மரங்கள் இருந்தால் வெட்டாதீர்கள்; புல் காய்ந்த கோடையில் அவற்றின் காய்தான் ஆட்டுக்குத் தீவனம்.

இந்தப் புல்லில் ஆக்சலேட் என்ற, அளவு மிஞ்சினால் கால்நடைக்குத் தீங்கு செய்யும் பொருள் உண்டு. மாட்டுக்குப் பொதுவாகத் தொல்லை இல்லை. ஆனால் பட்டினியாக வந்த செம்மறிகளை நேரே பச்சைப் புல்லில் விடக் கூடாது. சந்தையில் வாங்கி வந்த ஆடுகளுக்கு முதலில் காய்ந்த தீவனம் கொடுத்து, சில நாள் பழக்கியே விடுங்கள். குதிரைக்கு இதையே முழுத் தீவனமாகக் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து குறைந்து முக எலும்பு வீங்கும். எல்லாக் கால்நடைக்கும் தாது உப்புக் கலவை தொடர்ந்து வையுங்கள்.

பங்குனி, சித்திரையில் நிற்கும் காய்ந்த புல் ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். தூர் மீண்டும் துளிர்க்கும். வேலியும் மரமும் துளிர்க்காது. வேலியோரமாக மூன்று மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக வையுங்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாப் பாலையிலும் மேய்ச்சலுக்காகக் கொண்டுபோன இதே புல், நெருப்பைப் பரப்பி உள்ளூர்த் தாவரங்களை அழிக்கும் களையாகிவிட்டது. நம் மண்ணுக்கு உரிய புல்தான் என்றாலும், மிஞ்சிய விதையை வனப்பகுதியில் தூவும் நற்பணி எதையும் செய்யாதீர்கள்.

9. செலவுக் கணக்கு

கூலியும் டிராக்டர் வாடகையும் ஊருக்கு ஊர் மாறுவதால் ஆள்கணக்காகத் தருகிறேன். என் நிலத்தில் ஏக்கருக்கு உழவு இரண்டரை மணி நேரம், கோடு கீறி விதைக்க நான்கு ஆள், இரண்டு களையெடுப்புக்கும் சேர்த்துப் பதினான்கு ஆள் ஆனது. கரணை நட்ட பத்து சென்டுக்கு மட்டும் மூன்று ஆள். உரத்தில் பெரிய செலவு டிஏபி. 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய் என்ற விலையில் ஏக்கருக்கு 945 ரூபாய் வரும். யூரியா மூட்டை 266.50 ரூபாய். இவற்றையெல்லாம் கூட்டினாலும் வேலிச் செலவில் பாதிகூட வரவில்லை. கையில் உள்ள பணத்துக்கு நான்கு ஏக்கரும் முடியாது என்றால், ஒரு ஏக்கருக்கு முழு வேலியும் போட்டு அதை மட்டும் விதையுங்கள்.

10. அடுத்த ஆண்டுக்கு உங்கள் விதை

ஒரு கதிரிலேயே நுனி முற்றி உதிரும்போது அடி பச்சையாக இருக்கும். ஆகவே ஒரே நாளில் அறுத்து எடுக்க முடியாது. கதிர் வைக்கோல் நிறமானதும், பனி காய்ந்த பிறகு, காலை ஒன்பது மணிக்கு மேல், இடது கையால் தண்டைப் பிடித்து வலது கையால் அடியிலிருந்து நுனிக்கு உருவுங்கள். முற்றியது தானே வரும். வராததை விட்டுவிட்டு நான்கைந்து நாள் கழித்து மீண்டும் போங்கள். நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காற்றுப்போகும் துணிப்பையில் கட்டி, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் போட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பையின் மேல் பறித்த மாதத்தை எழுதி வையுங்கள். தையில் பறித்ததை அந்த ஆண்டு ஆடியில் எடுத்து விதைக்கும் ஆசை வரும். புரட்டாசி வரை அது தொங்கட்டும்.